நிமோனியா தடுப்பூசி: சேலத்திலும் ஏற்காட்டிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புதன்கிழமை தடுப்பூசி நாளில் வரிசையில் நிற்கும் அம்மாக்களும், நெஞ்சு எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைக் கூட்டிவரும் மகன்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறோம். முதல் பாதி குழந்தைகளுக்கு, பின்பாதி பெரியவர்களுக்கு. சிக்கலான கேள்விகள் கடைசியில் இருக்கின்றன.

நிமோனியான்னா நெஞ்சுச்சளிதானே? அதுக்கு எதுக்கு ஊசி?

நெஞ்சுச்சளி என்று வீட்டில் சொல்வது பல நோய்களுக்கும் பொதுப்பெயர். தொண்டையில் சளி கட்டி கர்கர் என்று சத்தம் வந்தாலும் நெஞ்சுச்சளி, வீசிங் வந்தாலும் நெஞ்சுச்சளி. நிமோனியா இதற்கெல்லாம் உள்ளே, நுரையீரலின் கடைக்கோடியில் நடக்கிறது. அங்கிருக்கும் சின்னச்சின்னக் காற்றுப்பைகளில் நீரும் சீழும் நிறைந்துவிடும். காற்று புக இடமில்லாததால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. அதை ஈடுகட்டத்தான் குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்குகிறது.

இதைக் கொண்டுவரும் கிருமிகள் பல. பாக்டீரியாக்களில் முதலாவது நியூமோகாக்கஸ், அதற்கடுத்துக் குழந்தைகளைத் தாக்குவது ஹிப். வைரஸ்களில் ஆர்எஸ்வி, இன்ஃப்ளூயன்சா, தட்டம்மை, கோவிட். கக்குவான் இருமலும் கைக்குழந்தைக்கு நிமோனியாவாக முற்றும். ஆகவே ஒரே ஊசியில் எல்லா நிமோனியாவையும் நிறுத்த முடியாது. ஆளைச் சாய்க்கும் கிருமிகளை ஒவ்வொன்றாக அடைக்கும் பல ஊசிகள் இருக்கின்றன.

அப்போ நர்சம்மா ‘நிமோனியா ஊசி’ன்னு சொல்றது எதை?

நியூமோகாக்கஸுக்கான பிசிவி ஊசியை. இந்தியாவில் இது 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கியது. 2021-இல் தமிழ்நாடு உட்பட நாடு முழுக்க இலவசப் பட்டியலுக்கு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் காசு கிடையாது. பிறந்து 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என மூன்று தவணை.

ஹிப்புக்குத் தனி ஊசி இல்லை. பென்டாவேலன்ட் ஊசிக்குள் இருக்கிறது. தொண்டை அடைப்பான், கக்குவான், வில்வாதம், ஹெபடைடிஸ்-பி, ஹிப் ஆகிய ஐந்துக்கும் அது ஒரே மருந்து. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் அதைத் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளாவும். 6, 10, 14-வது வாரங்களில் போடுவார்கள். 9-வது மாதமும் ஒன்றரை வயது வாக்கிலும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியையும் நிமோனியா கணக்கில்தான் சேர்க்க வேண்டும். தட்டம்மை வந்து இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோரைக் கொண்டுபோவது தட்டம்மை அல்ல, அதன் பின்னால் வரும் நிமோனியா.

10-வது வாரம் போனப்ப பிசிவி போடாம அனுப்பிட்டாங்க. மறந்துட்டாங்களா?

மறக்கவில்லை. அரசு அட்டவணையில் 10-வது வாரத்துக்குப் பிசிவி கிடையாது. தனியார் குழந்தை மருத்துவர்கள் 6, 10, 14 வாரம், பிறகு 12 முதல் 15 மாதத்தில் ஒரு பூஸ்டர் என்று நான்காகப் போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் அட்டையைப் பார்த்துக் குழப்பம் வருவது இதனால்தான்.

இரண்டு முறையும் சரியானவை, உலகம் முழுக்க நடைமுறையில் இருப்பவை. எதில் ஆரம்பித்தாலும் அந்த முறையின் கடைசித் தவணையை விட்டுவிடக்கூடாது. 14-வது வாரத்துக்குப் பிறகு ‘எல்லா ஊசியும் முடிஞ்சது’ என்று நினைத்து 9-வது மாதத்தைக் கோட்டைவிடுகிறவர்கள் நிறைய. முதல் இரண்டு தவணையும் உடம்புக்குக் கிருமியை அறிமுகம் செய்துவைக்கின்றன. அந்த நினைவு வருடக்கணக்கில் நிற்பது மூன்றாவது தவணையால்தான்.

ஒரே நாள்ல ரெண்டு தொடையிலும் கையிலும் குத்தறாங்க. குழந்தை தாங்குமா?

தாங்கும். 14-வது வாரம்தான் கனமான நாள்: இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் பிசிவி, வலது கை மேல்புறத் தோலில் போலியோ ஊசி, கூடவே வாய்வழிச் சொட்டுகள். எது எந்தப் பக்கம் என்பது எங்கும் ஒரே வழக்கம். மறுநாள் ஒரு தொடை வீங்கினால் எந்த மருந்தால் வீங்கியது என்று உடனே தெரிந்துவிடும், அதற்காகத்தான். பிறந்த நாள் முதல் குழந்தை தினமும் சந்திக்கும் கிருமிகளோடு ஒப்பிட்டால் மூன்று ஊசியில் இருக்கும் சரக்கு மிகக் கொஞ்சம்.

‘இன்னைக்கு ஒண்ணு, அடுத்த வாரம் ஒண்ணு’ என்று பிரித்துப் போடச் சொல்லி கேட்காதீர்கள். அழுகை இரண்டு நாளாகும், அவ்வளவுதான் லாபம். ஏற்காட்டின் உள்கிராமங்களிலிருந்து நடந்தோ ஜீப்பிலோ வருகிறவர்கள் அடுத்த வாரம் வராமலே போய்விடுவதும் உண்டு.

ராத்திரி காய்ச்சல் வந்தா என்ன குடுக்கறது? எத்தனை சொட்டு?

முதல் இரண்டு நாள் இலேசான காய்ச்சல், சிணுங்கல், பால் கொஞ்சம் குறைவது எல்லாம் வழக்கம்தான். பாரசிட்டமால் போதும். அளவு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது.

தப்பு நடப்பது பாட்டிலில். கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தில் வழக்கமாக 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. இருக்கும், அல்லது 250 மி.கி. இருக்கும். 5 கிலோ குழந்தைக்குத் தேவை 50 முதல் 75 மி.கி. சொட்டு மருந்தானால் அது 0.5 முதல் 0.75 மி.லி.; 125 சிரப்பானால் 2 முதல் 3 மி.லி. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். லேபிளில் ‘5 மி.லி.க்கு’ என்று போட்டிருக்கிறதா, ‘1 மி.லி.க்கு’ என்று போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

காய்ச்சல் வருவதற்கு முன்பே மருந்து கொடுத்து வைக்க வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தாலோ, 102 டிகிரியைத் தாண்டினாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுகை நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஊசி போட்ட இடம் கல்லாட்டம் இருக்கு. எண்ணெய் தேச்சு ஒத்தடம் குடுக்கலாமா?

வேண்டாம். தேய்த்தால் வீக்கம் கூடும். சூட்டு ஒத்தடத்தால் பச்சைத் தோல் வெந்து வந்த கைக்குழந்தைகள் உண்டு. குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் வைத்தால் போதும். பட்டாணி அளவுக் கட்டி சில வாரம் இருந்துவிட்டுத் தானாகக் கரையும். சிவந்து, சூடாகி, நாளுக்கு நாள் பெரிதானால் சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம். ஊசி போட்ட இடத்திலேயே போய்க் காட்டுங்கள்.

சளி இருக்கு, மூக்கு ஒழுகுது. இந்த வாரம் தள்ளிப் போட்டுரலாமா?

சளி, இருமல், இலேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆன்டிபயாடிக் குடித்துக்கொண்டிருப்பது, இவை எதுவும் தள்ளிப்போடக் காரணமல்ல. ஏற்காட்டில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மூக்கு ஒழுகாத குழந்தையைப் பார்ப்பதே அபூர்வம். சளி நிற்கட்டும் என்று காத்திருந்தால் 14-வது வாரத் தவணை ஆறாம் மாதத்துக்குப் போய்விடும். ஆபத்து அதிகமான காலமும் அதற்குள் கடந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு உடம்பு முடியாமல் இருந்தால் தேறும் வரை தள்ளலாம். முந்தைய தவணைக்குப் பிறகு சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு திணறி, மயங்கியிருந்தால் அதே ஊசியை மறுபடி போடக்கூடாது. அப்படி நடப்பது பத்து லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில்தான். ஆனாலும் ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது அதற்காகவே. அந்த ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் ஊசி அந்த அறையில் தயாராக இருக்கும்.

குறைமாசத்துல பிறந்த பாப்பா. ரெண்டு கிலோகூட இல்லை. எப்போ போடறது?

பிறந்த தேதியிலிருந்து எண்ணி அதே 6-வது வாரத்தில். ‘பிறந்திருக்க வேண்டிய தேதி’யிலிருந்து எண்ணக்கூடாது. எடை ஏறட்டும் என்று காத்திருக்கவும் கூடாது, மருந்தின் அளவும் அதே 0.5 மி.லி.தான். நுரையீரல் முழுதாக முதிராமல் பிறந்த குழந்தைக்குத்தான் இந்த ஊசி மற்றவர்களைவிட அவசரம்.

ஊருக்குப் போயிட்டதால தேதி தப்பிருச்சு. மொதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?

எந்தத் தடுப்பூசியையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இலவசப் பிசிவிக்கு ஒரு கெடு உண்டு: முதல் தவணை ஒரு வயது நிறைவதற்குள் விழுந்திருக்க வேண்டும். ஒரு தவணையாவது அதற்குள் போட்டிருந்தால் மிச்சத்தை ஒரு வயதுக்குப் பிறகும் எட்டு வார இடைவெளியில் முடித்துத் தருவார்கள்.

ஒரு வயது தாண்டியும் ஒன்றுமே போடவில்லை என்றால் தனியாரில்தான். 12 முதல் 23 மாதக் குழந்தைக்கு எட்டு வார இடைவெளியில் இரண்டு தவணை. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை, ஊசியின் வகையைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ. திருப்பூர், பெங்களூர் என்று வேலைக்குப் போன குடும்பங்கள் அங்கே உள்ள எந்த அரசு நிலையத்திலும் மிச்சத் தவணையைப் போட்டுக்கொள்ளலாம். அட்டை கையில் இருந்தால் போதும், சொந்த ஊர் முகவரி தேவையில்லை.

அரசாங்க ஊசியில 10 வகைக் கிருமிக்குத்தான், வெளியில 13, 14ன்னு இருக்காமே. காசு குடுத்துப் போடறதுதான் நல்லதா?

நியூமோகாக்கஸில் 100-க்கு மேற்பட்ட உள்வகைகள் உண்டு. ஊசியின் பெயரோடு வரும் எண், எத்தனை வகைகளுக்கு அது பாதுகாப்பு என்பதைக் காட்டுகிறது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் நியூமோசில் 10 வகை. பழைய பெயரான பிரெவ்னார் 13 வகை. பயாலஜிக்கல்-ஈ தயாரிப்பு 14 வகை. நியூமோசிலின் பத்தும், இந்தியா போன்ற நாடுகளின் குழந்தைகளிடம் கடும் நோயைத் தரும் வகைகளைப் பார்த்துப் பொறுக்கியவை. அதனால் எண்ணை மட்டும் வைத்து 10-ஐவிட 13 நல்லது என்று கணக்குப் போட முடியாது.

எங்கள் கருத்து இது: தவணைக்குச் சில ஆயிரம் ரூபாய் சுலபமாகக் கொடுக்க முடிந்தவர்கள் தனியாரில் போடலாம், தவறில்லை. கடன் வாங்கிப் போட வேண்டாம். முதல் தவணையைத் தனியாரில் போட்டுவிட்டு இரண்டாவதற்குக் காசு சேரக் காத்திருக்கும் குழந்தையைவிட, மூன்றையும் வேளைக்கு இலவசமாகப் போட்ட குழந்தை பத்திரமாக இருக்கிறது. முடிந்தவரை ஒரே வகையில் முடியுங்கள். கிடைக்காவிட்டால் வேறு வகையில் தொடரலாம், தொடராமல் விடுவதுதான் தப்பு. எந்த வகை, எந்தத் தேதி என்று அட்டையில் எழுதி வாங்குங்கள்.

சேலத்துல இருந்து மலைக்குக் கொண்டுவர்றதுக்குள்ள மருந்து சூடாகி வீரியம் போயிராதா?

நல்ல கேள்வி, ஆனால் பயம் மறுபக்கம் இருக்க வேண்டும். பிசிவியும் பென்டாவேலன்டும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. கொஞ்ச நேரச் சூட்டை ஓரளவு தாங்கும், உறைந்தால் தாங்காது. ஒரு தடவை உறைந்து இளகினால் மருந்து பார்வைக்கு அப்படியே இருக்கும், வேலை செய்யாது.

இதனால்தான் மருந்துப் பெட்டியில் வைக்கும் நான்கு ஐஸ் பேக்குகளை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் போடக்கூடாது. வெளியே மேசைமேல் பரப்பி வைப்பார்கள். மேலே பனிப்பூச்சு போய் வியர்க்க ஆரம்பிக்கும். காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். அப்போதுதான் அது 0 டிகிரிக்கு வந்திருக்கிறது. வெயில் காலத்தில் இதற்கு அதிக நேரமாகாது. டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அவசரப்பட்டு அடுக்கினால் ஓரத்தில் படும் குப்பி உறைந்துவிடும். குளிர்ந்த ஊர் என்பதாலேயே கெடும் இடம் இது.

குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூடாகவில்லை. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் குப்பையில். இதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தச் சதுரம் சூட்டைத்தான் சொல்லும், உறைந்ததைச் சொல்லாது.

ஏற்காடு பனியில வெளிய தூக்கிட்டுப் போனா நிமோனியா வந்துருமா?

பனியில் கிருமி இல்லை. பனிக்குப் பயந்து கதவு, சன்னலை அடைத்து, ஒரே அறையில் ஏழு பேர் படுத்து, அதே அறையில் விறகடுப்பும் புகைந்தால் வரும். காபித் தோட்ட வீடுகளில் குளிர்காலத்து நிமோனியாவுக்கு இந்தப் புகையும் ஒரு காரணம். மூச்சுக்குழாயின் உள்ளே அழுக்கைத் தள்ளும் நுண்மயிர்களை அது முடக்கிப்போடும். குழந்தைக்குத் தொப்பியும் சாக்ஸும் போட்டு வெளியே தூக்கிப் போங்கள். அடுப்பெரியும் இடத்திலிருந்து தொட்டிலை மாற்றிக் கட்டுங்கள்.

மூக்குல ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டா சளி இறங்கும்னு பாட்டி சொல்றாங்க...

இதற்கு எந்த ஊசியும் உதவாது என்பதால் தனியாகச் சொல்கிறோம். குளிப்பாட்டும்போது மூக்கில் விடும் எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே போன எண்ணெயை உடம்பால் வெளியேற்ற முடியாது. ஆன்டிபயாடிக்குக்கும் அசையாத எண்ணெய் நிமோனியா அப்படித்தான் வருகிறது. படுக்கவைத்து, மூக்கைப் பிடித்துச் சங்கிலோ பாலாடையிலோ மருந்து புகட்டுவதும் இதே வழிதான். மூக்கடைப்புக்குக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். பாட்டி உடம்பில் எண்ணெய் தேய்க்கட்டும், அது நல்லதே.

ஊசி எல்லாம் போட்டும் நிமோனியான்னு அட்மிட் பண்ணிட்டாங்க. அப்புறம் எதுக்கு ஊசி?

முதல் பதிலில் சொன்ன பட்டியலைப் பாருங்கள். ஆர்எஸ்வி போன்ற வைரஸ்களுக்கும், ஊசியில் சேராத நியூமோகாக்கஸ் வகைகளுக்கும் பிசிவியில் தடுப்பு இல்லை. ஊசி போட்ட குழந்தைக்கு வரும் நிமோனியா பெரும்பாலும் வைரஸால் வருவது. சில நாள் ஆக்சிஜனில் தேறிவிடும். பிசிவி நிறுத்துவது நெஞ்சில் சீழ் கட்டுவதையும், கிருமி ரத்தத்தில் ஏறுவதையும், மூளைக்காய்ச்சலையும்.

நிமோனியா வந்து போன குழந்தைக்கும் மிச்சத் தவணையைத் தவறாமல் போடுங்கள். வந்தது எந்தக் கிருமி என்று பெரும்பாலும் தெரியாது. ஒரு வகை வந்துபோனால் மற்ற வகைகளுக்கு எதிர்ப்பும் வராது.

வேகமா மூச்சு வாங்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

குழந்தை தூங்கும்போதோ மடியில் அமைதியாக இருக்கும்போதோ எண்ணுங்கள். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தப்பும். சட்டையை மார்புக்கு மேல் சுருட்டி, வயிறு மேலே எழும்புவதைப் பாருங்கள். ஒரு எழும்பல் ஒரு மூச்சு. செல்போனில் ஒரு நிமிடம் வைத்து முழு நிமிடமும் எண்ண வேண்டும். கைக்குழந்தை கொஞ்ச நேரம் வேகமாகவும் கொஞ்ச நேரம் மெதுவாகவும் மூச்சு விடும், அதனால் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது ஏமாற்றும்.

இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் அன்றே மருத்துவரிடம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, வலிப்பு வந்தாலோ மணி பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும், சொந்தக் காரில் இருக்காது.

வீட்டில் விரல் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குளிரில் விறைத்த விரலிலும், நகப்பூச்சு போட்ட விரலிலும் எண் குறைவாகக் காட்டும். கையைச் சூடாக்கி மறுபடி பாருங்கள்.

பெரியவங்களுக்கும் நிமோனியா ஊசி இருக்கா? யாருக்குப் போடணும்?

இருக்கிறது. எங்களிடம் யாருமே தானாக வந்து கேட்காத ஊசியும் இதுதான். வழக்கமான இலவசப் பட்டியலில் இல்லை, மருந்தகத்தில் வாங்க வேண்டும். 65 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் பொருந்தும். அமெரிக்காவில் 2024-இல் அந்த வயதை 50 ஆகக் குறைத்திருக்கிறார்கள். வயது குறைவானாலும் சர்க்கரை, இதயம் பலவீனம், ஆஸ்துமா, புகைபிடித்து வந்த நுரையீரல் அடைப்பு, கல்லீரல் சுருக்கம், சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ், புற்றுநோய், எச்ஐவி, நீண்டநாள் ஸ்டீராய்டு, தினசரிக் குடி, பீடி, சிகரெட் இருந்தால் போட வேண்டும். டிபி வந்து குணமாகி நுரையீரலில் தழும்பு நின்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘சின்ன வயசுல பிசிஜி போட்டாச்சே’ என்பார்கள். அது குழந்தைகளின் கடும் டிபிக்கு, இந்த நிமோனியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எவ்வளவு பலன்? நெதர்லாந்தில் 65 வயது நிறைந்த சுமார் 84,000 பேரிடம் 13 வகை ஊசியைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். ஊசியில் உள்ள வகைகளால் வரும் நிமோனியா 45 சதவீதத்துக்குச் சற்று மேலும், அதே வகைகள் ரத்தத்தில் ஏறும் கடும் நோய் 75 சதவீதமும் குறைந்தது. முழுக் கவசம் இல்லை. 70 வயதுக்காரருக்கு ஐசியூவைத் தவிர்க்க இது போதுமான காரணம்.

கடையில 13, 20, 23ன்னு சொல்றாங்க. எதை வாங்கறது? எத்தனை தடவை?

13-ம் 20-ம் ஒரே இனம்: குழந்தைகளுக்குப் போடும் பிசிவி போன்றவை, நினைவு நீண்டநாள் நிற்கும். 23 வேறு இனம். வகைகள் அதிகம், நினைவு சில வருடத்தில் மங்கும், இரண்டு வயதுக்குள் வேலையே செய்யாது. 20 கிடைத்தால் ஒன்றோடு முடிந்தது. 13 போட்டால் ஒரு வருடம் கழித்து 23 போட வேண்டும். எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு எட்டு வாரம் கழித்தே போடலாம்.

யாரோ சொன்னார்கள் என்று 23-ஐ முதலில் போட்டுவிட்டவர்கள் பதற வேண்டாம். ஒரு வருடம் பொறுத்து 13 அல்லது 20 போடுங்கள். அதற்கு முன் போட்டால் உடம்பு சரியாகப் பதில் கொடுக்காது.

ஊசியை மருந்தகத்திலேயே போட்டுக்கொள்ள வசதி இல்லாமல் வாங்கிக்கொண்டு மலையேறுகிறீர்கள் என்றால், உறைந்த ஜெல் பேக்கோடு பெட்டியை ஒட்டிக் கட்டாதீர்கள். முன்பு சொன்ன உறைதல் சமாச்சாரம்தான். நடுவில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். வீட்டில் பிரிட்ஜின் கதவிலோ ஃப்ரீசரிலோ வைக்கக்கூடாது, நடுத்தட்டு.

வருசா வருசம் போடணும்னு சொன்னாங்களே?

அது ஃப்ளூ ஊசி. நியூமோகாக்கஸ் ஊசி வருடாவருடம் கிடையாது. இன்ஃப்ளூயன்சா வைரஸ் வருடந்தோறும் வேஷம் மாற்றுவதால் ஊசியையும் மாற்றுகிறார்கள். ஃப்ளூ வந்து, தேறுவதுபோல் இருந்து, ஐந்தாறு நாளில் மறுபடி காய்ச்சல் ஏறினால் அது பெரும்பாலும் நியூமோகாக்கஸ் நிமோனியா. இரண்டு ஊசியும் ஒன்றுக்கொன்று துணை, ஒரே நாளில் வேறுவேறு கையில் போடலாம்.

தமிழ்நாட்டில் ஃப்ளூ தலைதூக்குவது வடகிழக்குப் பருவமழையோடு. எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். ஆகவே செப்டம்பருக்குள் போட்டுவிடுங்கள். பெட்டியின் மேல் எந்த ஆண்டுக்கான ஊசி என்று அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். ஆறு மாதத்திலிருந்து போடலாம். எட்டு வயது வரையுள்ள குழந்தைக்கு முதல் வருடம் மட்டும் நான்கு வார இடைவெளியில் இரண்டு.

மாசமா இருக்கேன். நான் ஊசி போட்டா குழந்தைக்கு ஆகுமா?

ஆகும், அதற்காகவே போடுவது. முதல் ஆறு வாரம் குழந்தைக்கு எந்த நிமோனியா ஊசியும் கிடையாது. அந்த இடைவெளியில் அம்மாவின் எதிர்ப்பொருள்தான் காவல். ஃப்ளூ ஊசியை எந்த மாதத்திலும், கக்குவானுக்கான டிடாப் ஊசியை 27 முதல் 36 வாரத்துக்குள்ளும் போடலாம். அரசு நிலையத்தில் போடும் டிடி ஊசியில் கக்குவான் பகுதி இல்லை. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் ‘போட்டாச்சு’ என்று நினைத்துவிடுகிறார்கள்.

அப்பா ஹார்ட்டுக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறார். ஊசி குத்தலாமா?

குத்தலாம். ஆஸ்பிரின், குளோபிடோகிரல் எதையும் நிறுத்தத் தேவையில்லை. வார்ஃபரின் சாப்பிடுகிறவர், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்க கடைசியாக எடுத்த ஐஎன்ஆர் சோதனைச் சீட்டைக் கொண்டுவரட்டும். 23 கேஜ் (இது ஊசிமுனையின் தடிமன் எண், மருந்தின் வகை எண் அல்ல) அல்லது அதைவிட மெல்லிய ஊசியில் போடச் சொல்லுங்கள். பிறகு பஞ்சை வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், தேய்க்கக்கூடாது.

வெள்ளிப் பட்டறையில உருக்கற வேலை, தம்பி வெல்டிங். இந்தப் புகைக்கும் நிமோனியாவுக்கும் சம்பந்தம் உண்டா?

வெல்டிங் புகைக்கு நிச்சயம் உண்டு. உலோகப் புகையை நெடுநாள் சுவாசிப்பவர்களுக்கு நியூமோகாக்கஸ் நிமோனியா அதிகம் என்பதால், பிரிட்டனில் வெல்டர்களுக்கு நியூமோகாக்கஸ் ஊசியைப் பரிந்துரைக்கிறார்கள். நம்மூரில் இதைக் கேட்டு வருகிறவர் இல்லை. தம்பி பீடியும் பிடிப்பவர் என்றால் இரண்டு காரணம் ஆகிறது. 40 வயதானாலும் மருத்துவரிடம் கேளுங்கள். உலையருகே உட்காருபவருக்கும் அதே யோசனைதான். ஊசி புகைபோக்கியின் வேலையைச் செய்யாது, பட்டறையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி வேறு வேண்டும்.

விபத்துல மண்ணீரலை எடுத்துட்டாங்க. சாதாரணமாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு?

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் மிக அவசரமாகப் போட வேண்டியவர் நீங்கள். நியூமோகாக்கஸை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரல். அது இல்லாதவருக்குக் காலையில் காய்ச்சல், மறுநாளுக்குள் உயிராபத்து என்று போகக்கூடும். திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பு ஊசி. விபத்தில் எடுத்திருந்தால் இரண்டு வாரம் கழித்து. 13 வகையில் தொடங்கினால் எட்டு வாரம் கழித்து 23, பிறகு ஐந்து வருடத்தில் மறுபடி ஒரு 23. ஹிப் ஊசியும், மூளைக்காய்ச்சல் கிருமி ஒன்றுக்கான மெனிங்கோகாக்கல் ஊசியும் உங்களுக்கு வேண்டும். அரிவாள்செல் சோகை உள்ளவர்களின் மண்ணீரல் உள்ளே இருந்தும் வேலை செய்யாது, அவர்களுக்கும் இதே முறை.

ஊசி போட்ட பிறகும், 101 டிகிரி காய்ச்சல் வந்தால் வீட்டில் பாரசிட்டமாலோடு காத்திருக்கக் கூடாது. மண்ணீரல் இல்லை என்று ஒரு சீட்டில் எழுதி ஆதார் அட்டையோடு சேர்த்துப் பர்ஸில் வையுங்கள். மயங்கிக் கிடக்கும்போது அதைச் சொல்ல உங்களால் முடியாது.

தடுப்பூசி அட்டையே தொலைஞ்சு போச்சு. இப்ப என்ன பண்றது?

2 வருடத்துக்குள் போட்டதாக இருந்தால், அரசின் தடுப்பூசிப் பதிவு இணையதளமான யூ-வின்னில் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். பதிவு செய்த அன்று கொடுத்த செல்போன் எண்ணைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது அப்பாவுடையதோ மாமாவுடையதோ ஆக இருக்கும், அதை முதலில் கண்டுபிடியுங்கள். கிடைக்காவிட்டால் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் பிறந்த மாதத்தை வைத்துத் தேடலாம்.

எதிலும் இல்லை என்றால் போடாததாகவே எடுத்துக்கொண்டு வயதுக்கு ஏற்ற தவணையைப் போடுவார்கள். ஏற்கெனவே போட்ட ஊசி ஒன்று கூடுதலாக விழுந்தால் கை கொஞ்சம் அதிகம் வலிக்கும், வேறு கெடுதல் இல்லை. புது அட்டை வாங்கிய கையோடு இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள்.